டாக்டர் ஆகத்தான் வேண்டுமா? சந்தேகம் வந்தவர்களுக்கு ஒரு வழிகாட்டி

மருத்துவம் நமக்குச் சரிப்படுமா என்று சந்தேகமாக இருக்கிறது என யாராவது வாய்விட்டுச் சொன்னால், சுற்றியிருப்பவர்கள் இரண்டில் ஒன்றைத்தான் சொல்வார்கள். “எல்லாருக்கும் இப்படித்தான் இருக்கும், போகப்போகச் சரியாயிடும்” என்பார்கள். இல்லையென்றால் “பிடிக்கலைன்னா விட்டுடு” என்பார்கள். சொல்வது சுலபம். போகப்போகத் தீர்ந்துவிடுகிற சந்தேகமும் உண்டு, வருடம் ஏற ஏற முற்றிப்போகிற சந்தேகமும் உண்டு. உங்களுடையது எது என்று தெரிந்துகொள்ளாமல் எடுக்கும் முடிவு, இருப்பதானாலும் விடுவதானாலும், குருட்டாம்போக்கு முடிவுதான்.

பள்ளி முடித்துவிட்டுச் சேரலாமா என்று யோசிப்பவர்களையும், சேர்ந்து முதல் இரண்டு மூன்று வருடங்களில் தடுமாறுபவர்களையும் மனதில் வைத்து இதை எழுதுகிறேன். கீழே உள்ளவற்றை வரிசையாகச் செய்யுங்கள். வரிசை மாறினால் பலன் குறையும். முக்கியமாக, மாற்றுத் தொழில்களைத் தேடுவதில் ஆரம்பிக்காதீர்கள். எல்லாரும் அங்கேதான் ஆரம்பிக்கிறார்கள்.

சந்தேகம் எதன் மேல்?

ஒரு தாளை எடுத்து மூன்று பத்திகளாகப் பிரியுங்கள். தலைப்பில் படிப்பு, வேலை, வாழ்க்கை என்று எழுதுங்கள். மனதை அரிக்கும் ஒவ்வொன்றையும் இந்த மூன்றில் ஒன்றில் போடுங்கள். “நரம்புகளின் பெயர் மண்டையில் நிற்கவில்லை” என்பது படிப்பு. “நோயாளியின் வீட்டாரிடம் கெட்ட செய்தி சொல்ல என்னால் முடியாது” என்பது வேலை. “நண்பர்கள் சம்பாதிக்கத் தொடங்கும்போது நான் இன்னும் பரீட்சை எழுதிக்கொண்டிருப்பேன்” என்பது வாழ்க்கை.

இப்படிப் பிரிப்பதற்குக் காரணம் இருக்கிறது. பல கல்லூரிகளில் மருத்துவப் படிப்பின் முதல் இரண்டு வருடங்களுக்கும் மருத்துவரின் அன்றாடத்துக்கும் பெரிய ஒற்றுமை கிடையாது. உடற்கூறு, உடலியங்கியல், உயிர்வேதியியல் என்று மனப்பாடம்தான் ஓடும். பெரியவர் உடலில் உள்ள 206 எலும்புகளின் மேடு பள்ளங்களை ஒப்பிக்க முடியாமல் வைவா எனும் வாய்மொழித் தேர்வில் திணறியவர், வார்டுக்குப் போனதும் மலர்ந்துவிடுவதுண்டு. தியரியில் முதல் மதிப்பெண் வாங்கிய மாணவர் நோயாளியின் கட்டிலருகே நின்று வாயடைத்துப் போவதும் உண்டு. அதனால் முதல் பத்தி மட்டும் நிரம்பி மற்ற இரண்டும் காலியாக இருந்தால், அவசரப்படாதீர்கள். படிக்கும் முறையை மாற்றினாலே பாதி தீரும். சீனியர் ஒருவரைப் பிடித்து, எதை ஆழமாகப் படிக்க வேண்டும், எதை மேலோட்டமாக விடலாம் என்று கேளுங்கள். மருத்துவப் பாடநூலில் எல்லாவற்றையும் படித்து முடித்தவர் என்று யாரும் கிடையாது.

இரண்டாவது பத்தி நிரம்பினால்தான் விஷயம் தீவிரம். மூன்றாவது பத்திக்குக் கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டும், அதற்குக் கீழே வருகிறேன்.

தாளின் பின்பக்கம் இன்னொரு கேள்வி: டாக்டர் ஆக வேண்டும் என்று முதலில் சொன்னது யார்? அப்பா அம்மா சொன்னதாக இருந்தால் உடனே அது தப்பான முடிவு என்று ஆகிவிடாது. ஆனால் உங்களுக்கென்று ஒரு காரணம்கூட எழுத வரவில்லையென்றால், அதைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.

ரத்தத்தைப் பார்த்தால் மயக்கம் வருகிறதா?

இதை ஒரு காரணமாக வைத்து மருத்துவத்தையே வேண்டாமென்று ஒதுக்கியவர்கள் நிறையப் பேர். வரலாற்றிலேயே ஓர் ஆள் இருக்கிறார். சார்லஸ் டார்வின் 1825இல், 16 வயதில், எடின்பரோவில் மருத்துவம் படிக்கச் சேர்ந்தார். அப்பாவும் டாக்டர், தாத்தாவும் டாக்டர். மயக்க மருந்து இல்லாத காலம் அது. இரண்டு அறுவை சிகிச்சைகளைப் பார்க்கப் போனார், அதில் ஒன்று குழந்தைக்கு. இரண்டும் முடிவதற்குள் அங்கிருந்து ஓடிவிட்டார், மறுபடி அந்தப் பக்கமே போகவில்லை. 1827இல் படிப்பை விட்டார். அதற்கப்புறம் அப்பா அவரைப் பாதிரியார் ஆக்கலாம் என்று கேம்பிரிட்ஜுக்கு அனுப்பினார் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். முதல் தொழிலைத் தேர்ந்தெடுத்தவரே மாற்றுத் தொழிலையும் தேர்ந்தெடுத்துக் கொடுத்தார். அதுவும் ஒட்டவில்லை.

இன்றைக்கு நிலைமை வேறு. ரத்தம் பார்த்து மயங்குவது கோழைத்தனமும் கிடையாது, தகுதிக் குறைவும் கிடையாது. மற்ற பயங்களில் இதயத் துடிப்பும் ரத்த அழுத்தமும் ஏறும், அதனால் மயக்கம் வருவது அரிது. ரத்தம், காயம், ஊசி ஆகியவற்றின் மேல் உள்ள பயத்தில் மட்டும் ஏறியது சட்டென்று இறங்கிவிடும். மூளைக்குப் போகும் ரத்தம் குறைந்து கண் இருட்டும். ஸ்வீடனைச் சேர்ந்த உளவியலாளர் லார்ஸ்-யோரான் ஓஸ்ட் 1980களில் இதற்கு ஒரு பயிற்சியை உருவாக்கினார். உட்கார்ந்துகொண்டு கை, கால், வயிற்றுத் தசைகளை ஒருசேர இறுக்குங்கள். முகத்தில் சூடு ஏறுவது தெரியும் வரை, அதாவது 10 முதல் 15 விநாடி, அப்படியே பிடியுங்கள். பிறகு சாதாரண நிலைக்கு வாருங்கள், ஒரேயடியாகத் தொய்ந்துவிட வேண்டாம். 20, 30 விநாடி கழித்து மறுபடியும். இப்படி ஐந்து தடவை, தினமும் சில வேளை. கை பழகியதும் முதலில் ரத்தம் உள்ள படங்களைப் பார்த்தபடி செய்யுங்கள், அப்புறம் ரத்தம் எடுப்பதைப் பார்த்தபடி. ஏற்கெனவே உடல் உபாதை இருப்பவர்கள் மருத்துவரைக் கேட்டுவிட்டுத் தொடங்குவது நல்லது.

உடற்கூறுக் கூடத்தில் உடலைக் கெடாமல் வைக்கும் ஃபார்மலின் திரவத்தின் நெடி, முதல் நாள் உடலைப் பார்த்த அதிர்ச்சி, அன்றிரவு சாப்பிட முடியாமல் போவது ஆகியவையும் இந்தக் கணக்கில்தான் வரும். பெரும்பாலானவர்களுக்குச் சில வாரங்களில் அடங்கிவிடும். மாதக்கணக்கில் கனவில் வந்தால் மட்டும் யாரிடமாவது பேசுங்கள்.

வேலையை நேரில் போய்ப் பாருங்கள்

இந்தக் கட்டுரையில் ஒன்றே ஒன்றைத்தான் செய்வீர்கள் என்றால் இதைச் செய்யுங்கள். டாக்டர் என்ற பட்டத்தைப் பார்த்து முடிவெடுக்காதீர்கள். டாக்டர் ஒரு நாளில் என்னென்ன செய்கிறார் என்பதைப் பார்த்து முடிவெடுங்கள்.

தெரிந்த மருத்துவர் ஒருவரைக் கேட்டு, மருத்துவமனையின் அனுமதியும் நோயாளிகளின் சம்மதமும் வாங்கிக்கொண்டு, சில நாட்கள் அவர் பின்னால் நில்லுங்கள். அறுவை அரங்கத்தை முதலில் கேட்காதீர்கள். அங்கே எதைப் பார்த்தாலும் பிரமிப்பாகத்தான் இருக்கும், அதை வைத்து எதையும் தீர்மானிக்க முடியாது. புறநோயாளிப் பிரிவில் ஒரு காலை, வார்டில் ஒரு முழு நாள், முடிந்தால் ஒரு நைட் டியூட்டி. இவை போதும்.

வார்டில் எதைக் கவனிக்க வேண்டும்? டாக்டர்கள் படுக்கை படுக்கையாகப் போய் நோயாளிகளைப் பார்க்கும் ரவுண்ட்ஸ் நடக்கும்போது எல்லாரும் பெரிய டாக்டரைத்தான் பார்ப்பார்கள். நீங்கள் ரவுண்ட்ஸ் முடிந்த பிறகு மிஞ்சியிருக்கும் இளம் டாக்டரைப் பாருங்கள். கையில் ஒரு கற்றைக் கேஸ் ஷீட். ஆறாம் படுக்கைக்காரரின் ரத்தப் பரிசோதனை முடிவு வரவில்லை, ஆய்வகத்துக்குப் போன் அடிக்கிறார், யாரும் எடுக்கவில்லை. ஒன்பதாம் படுக்கைக்காரரின் மகன் வந்து “இன்னைக்கு வீட்டுக்கு அனுப்பிடுவீங்களா டாக்டர்?” என்று கேட்கிறார். ஏன் முடியாது என்று அவர் விளக்குகிறார். அரை மணி கழித்து அதே வீட்டிலிருந்து மருமகள் வந்து அதையே கேட்கிறார். மறுபடி விளக்குகிறார். நடுவில் டிஸ்சார்ஜ் சுருக்கம் எழுத உட்கார்கிறார், இரண்டு வரி எழுதுவதற்குள் செவிலியர் கூப்பிடுகிறார். மதியச் சாப்பாட்டு நேரம் போய்விட்டது.

இப்போது உங்களையே கேளுங்கள். அந்த இரண்டாவது விளக்கத்தைக் கேட்டபோது உங்களுக்கு என்ன தோன்றியது? “ஐயோ, மறுபடியுமா” என்று எரிச்சல் வந்ததா, இல்லை “மருமகளுக்கு இன்னும் எளிமையாகச் சொல்லியிருக்கலாமே” என்று தோன்றியதா? இரண்டாவது தோன்றியவர் இந்த வேலையில் தாக்குப்பிடிப்பார் என்பது என் கணிப்பு. மதிப்பெண்ணைவிட இதை நான் அதிகம் நம்புகிறேன்.

எழுத்து வேலை இவ்வளவா என்று மலைப்பவர்களுக்கு ஒரு தகவல். அமெரிக்காவில் வெளிநோயாளிகளைப் பார்க்கும் மருத்துவர்களைக் கவனித்து 2016இல் வெளியிட்ட ஓர் ஆய்வில், நோயாளியோடு நேரடியாகச் செலவிடும் ஒவ்வொரு மணி நேரத்துக்கும் கணினி, மேஜை வேலைகளுக்குக் கிட்டத்தட்ட இரண்டு மணி நேரம் போவதாகத் தெரிந்தது. இது இடத்துக்கு இடம் மாறும். ஆனால் எழுதாமல் மருத்துவம் பார்க்கும் இடம் எங்கேயும் இல்லை.

பார்த்த அன்றே குறிப்பு எழுதிவிடுங்கள். இரண்டு நாள் கழித்து எழுதினால் நமக்கு வேண்டியபடி எழுதிக்கொள்வோம்.

அலுப்பா, பொருத்தமின்மையா, மனச்சோர்வா?

43 நாடுகளின் ஆய்வுகளைத் தொகுத்து 2016இல் வெளியான ஓர் அறிக்கையில், மருத்துவ மாணவர்களில் சுமார் 27 சதவீதம் பேருக்கு மனச்சோர்வோ அதன் அறிகுறிகளோ இருப்பதாகத் தெரியவந்தது. நான்கில் ஒருவருக்கு மேல். ஆக, வகுப்பில் நீங்கள் மட்டும்தான் இப்படி என்று நினைத்தால் அது தப்புக் கணக்கு.

மனச்சோர்வு இருக்கும்போது எந்தத் தொழிலுமே பிடிக்காது. பாட்டு கேட்கவும் பிடிக்காது, நண்பர்களோடு வெளியே போகவும் பிடிக்காது. அந்த நிலையில் மருத்துவம் மட்டும் பிடிக்குமா? இதுதான் எளிய சோதனை: விடுமுறையில் இரண்டு வாரம் நன்றாகத் தூங்கி எழுந்தபின் மற்ற விஷயங்களில் ஆர்வம் திரும்பி, மருத்துவத்தின் மேல் மட்டும் வெறுப்பு நிற்கிறதா? அப்படியானால் பொருத்தத்தை யோசிக்கலாம். எதிலுமே ஆர்வம் திரும்பவில்லை, தூக்கம் பசி எல்லாம் கெட்டிருக்கிறது என்றால் முதலில் மனநல மருத்துவரையோ ஆலோசகரையோ பாருங்கள். தொழில் முடிவு காத்திருக்கட்டும். உயிரை விட்டுவிடலாம் என்ற எண்ணம் எட்டிப் பார்த்தால் இன்றைக்கே நம்பிக்கையான ஒருவரிடம் சொல்லுங்கள், அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போங்கள். மற்றதெல்லாம் அதற்கு அப்புறம்தான்.

பரீட்சை மாதத்திலும், பரீட்சை முடிவு வந்த வாரத்திலும் எந்த முடிவும் எடுக்க வேண்டாம். தோற்ற கோபத்தில் விட்டவர்களும் உண்டு, ஜெயித்த மிதப்பில் மாட்டிக்கொண்டவர்களும் உண்டு.

வருடக் கணக்கு

மருத்துவக் கல்வியின் நீளம் நாட்டுக்கு நாடு வேறுபடும். பள்ளி முடித்து நேராகச் சேரும் நாடுகளில் பெரும்பாலும் ஐந்து அல்லது ஆறு வருடம். அமெரிக்காவில் வேறொரு பட்டம் முடித்த பிறகு நான்கு வருடம். அதன்பின் சிறப்புப் பயிற்சி, துறையைப் பொறுத்து பொதுவாக மூன்று முதல் ஏழு வருடம்.

கணக்குப் போடும்போது, கடந்துபோன வருடங்களைச் சேர்க்காதீர்கள். “மூன்று வருடம் படித்துவிட்டேனே” என்ற பேச்சு மனதை அழுத்தும், புரிகிறது. ஆனால் தொடர்ந்தாலும் விட்டாலும் அந்த மூன்று வருடம் திரும்பி வரப்போவதில்லை. எழுத வேண்டியது இவ்வளவுதான்: தொடர்ந்தால் சுயமாகச் சம்பாதிக்க இன்னும் எத்தனை வருடம், எவ்வளவு செலவு? மாறினால் எத்தனை வருடம், எவ்வளவு செலவு? பட்டம் கையில் இருந்தால் மட்டும் திறக்கிற கதவுகள் எவை? கடைசிக் கேள்வி முக்கியம். ஒரே வருடம் மிச்சமிருக்கும்போது விடுவதும், முதல் வருடத்தில் விடுவதும் ஒன்றாகாது. கடைசிக் கட்டத்தில் இருப்பவர்களுக்கு, உடம்பும் மனசும் தாங்குமென்றால், முடித்துவிட்டு மாறுங்கள் என்றுதான் சொல்வேன்.

வெளியே போகும் முன் உள்ளே ஒரு சுற்று

டாக்டர் என்றதும் ஸ்டெதஸ்கோப் மாட்டிக்கொண்டு நோயாளி முன் உட்கார்ந்திருப்பவர்தான் நினைவுக்கு வருகிறார். திசுவை நுண்ணோக்கியில் பார்த்துப் புற்றுநோயா என்று சொல்லும் பேத்தாலஜி மருத்துவர் நாள் முழுக்க நோயாளியைச் சந்திக்காமலே இருக்கலாம். ரேடியாலஜி, மைக்ரோபயாலஜி, தடயவியல், சமூக மருத்துவம் எல்லாம் வெவ்வேறு குணமுள்ள ஆட்களுக்கான வேலைகள். மயக்கவியல் மருத்துவரின் நோயாளி பெரும்பாலான நேரம் தூங்கிக்கொண்டிருப்பார், பேச்சைவிட கவனம்தான் அங்கே வேலை. நோயாளியோடு ஓயாமல் பேசுவதுதான் உங்கள் பிரச்சினை என்றால், இவற்றைப் பார்க்காமல் வெளியேறுவது அவசரம். ஆனால் இவற்றுக்குப் போகவும் நடுவில் வார்டைக் கடந்துதான் ஆக வேண்டும் என்பதையும் மறக்க வேண்டாம்.

இப்போது மாற்றுத் தொழில்கள்

உயிர் காப்பாற்ற வேண்டும் என்ற ஆசைக்கு மருத்துவப் பட்டம் ஒன்றுதான் வழி என்று நினைப்பவர்கள் நோபல் பரிசுப் பட்டியலைப் பார்க்க வேண்டும். சி.டி. ஸ்கேனுக்காக 1979இல் மருத்துவ நோபல் பெற்ற காட்ஃப்ரே ஹவுன்ஸ்ஃபீல்ட் ஒரு மின்னணுப் பொறியாளர், கூடப் பெற்ற ஆலன் கார்மாக் ஓர் இயற்பியலாளர். ரத்தப் புற்றுநோய்க்கு மருந்து கண்டுபிடித்த குழுவில் இருந்து 1988இல் நோபல் பெற்ற கெர்ட்ரூட் எலியனுக்கு மருத்துவப் பட்டமும் இல்லை, ஆய்வு செய்து வாங்கிய முனைவர் பட்டமும் இல்லை. மலேரியாவுக்கு ஆர்ட்டிமிசினின் என்ற மருந்தைத் தந்து 2015இல் நோபல் பெற்ற சீனாவின் தூ யூயூவும் அப்படியே, அவர் படித்தது மருந்தியல். எல்லாரும் நோபல் வாங்கப்போவதில்லை, சரி. ஆனால் இன்று எந்த மருத்துவமனையிலும் டாக்டர்களின் வேலை பெருமளவு இப்படிப்பட்டவர்கள் கொடுத்த கருவிகளையும் மருந்துகளையும் நம்பித்தான் நடக்கிறது.

தொழில் பெயர்களின் பட்டியலை வைத்துக்கொண்டு தேடினால் தலை சுற்றும். மருத்துவத்தில் எது உங்களை இழுத்தது என்பதிலிருந்து தேடுங்கள். ஒருவரோடு நீண்ட நாள் பழகி அவர் மெல்ல முன்னேறுவதைப் பார்க்கப் பிடிக்குமென்றால் பிசியோதெரபி, ஸ்பீச் தெரபி, அன்றாட வேலைகளைத் தானே செய்யப் பழக்கும் ஆக்குபேஷனல் தெரபி, மருத்துவ உளவியல். பக்கவாதம் வந்து பேச்சிழந்தவர் முதல் சொல்லைத் திரும்பச் சொல்வதைப் பெரும்பாலும் கூடவே இருந்து கேட்பவர் ஸ்பீச் தெரபிஸ்ட்தான். அறுவை அரங்கத்தின் பரபரப்பு பிடிக்கும், முடிவெடுக்கும் பாரம் வேண்டாம் என்பவர்கள் பெர்ஃப்யூஷனிஸ்ட் வேலையைப் பாருங்கள். இதய அறுவையின்போது இதய-நுரையீரல் இயந்திரத்தை இயக்குபவர் அவர். பாரம் இல்லை என்று சொன்னேனே, அதை அவர் காதில் விழும்படி சொல்லிவிடாதீர்கள்.

எண்களில் ஆர்வமென்றால், நோய் யாருக்கு, எப்படிப் பரவுகிறது என்று ஆராயும் நோய்ப்பரவியலும், மருத்துவத் தரவுகளைக் கணக்கிடும் உயிரிப் புள்ளியியலும். கருவிகளில் என்றால் பயோமெடிக்கல் இன்ஜினியரிங். ஆய்வகத்தில் என்றால் மருந்து ஆராய்ச்சி, மரபியல். எழுத்து கைவருமென்றால் மெடிக்கல் ரைட்டிங், ஆளையும் பணத்தையும் நிர்வகிக்கத் தெரியுமென்றால் மருத்துவமனை நிர்வாகம்.

செவிலியர் தொழிலைத் தனியாகச் சொல்கிறேன். இதை “டாக்டர் ஆக முடியாவிட்டால்” என்று இரண்டாம் பட்சமாக நினைத்துப் போகிறவர்கள் முதல் மாதத்திலேயே முழி பிதுங்குவார்கள். நோயாளியோடு அதிக நேரம் இருக்கும் வேலை அது. இரவுப் பணி, உடல் உழைப்பு, கெட்ட செய்தி எல்லாம் அங்கேயும் உண்டு. மருத்துவத்தை விடுவதற்கு இவைதான் காரணமென்றால், அங்கே போய்த் தப்பிக்க முடியாது.

மருத்துவத்தோடு சம்பந்தமே இல்லாத துறைக்கும் போகலாம். ஆனால் எந்தத் துறையானாலும் அதையும் மேலே சொன்னபடி நேரில் போய்ப் பாருங்கள். இக்கரைக்கு அக்கரைப் பச்சை. மென்பொருள் வேலை என்றால் வீட்டிலிருந்து காபி குடித்தபடி செய்வது என்று நினைப்பவர், நள்ளிரவில் செயலிழந்த சர்வரைத் தூக்கி நிறுத்துபவரோடு ஒரு வாரம் உட்கார்ந்து பார்க்கட்டும். ஒரு சிறிய இணையப் படிப்பு, விடுமுறையில் ஒரு பயிற்சி வேலை, ஒரு சின்ன ப்ராஜெக்ட். முடிக்கும் வரை ஆர்வம் தாக்குப்பிடிக்கிறதா என்று பாருங்கள்.

வீட்டில் எப்படிச் சொல்வது?

“எனக்குப் பிடிக்கலை” என்று ஆரம்பித்தால் பேச்சு அங்கேயே முடிந்துவிடும். அவர்கள் காதில் அது “படிக்கச் சோம்பல்” என்றுதான் விழும். தாளோடு போய் உட்காருங்கள். எதைப் பார்த்தேன், எது ஒத்துவரவில்லை, அதற்குப் பதில் எது, எத்தனை வருடம், எவ்வளவு செலவு. “அப்பா, இப்பவே முடிவு சொல்ல வேண்டாம். ஆறு மாசம் லீவ் எடுத்துப் பார்க்கிறேன், சரிவரலைன்னா திரும்பிப் போறேன்” என்று சொல்வதும், “நான் விட்டுட்டேன்” என்று அறிவிப்பதும் ஒரே விளைவைத் தராது. முதல் நாள் கத்துவார்கள். கத்தட்டும். அவர்கள் பயம் பெரும்பாலும் பணத்தைப் பற்றியும் நாலு பேர் பேச்சைப் பற்றியும்தான். நாலு பேருக்கு நீங்கள் பதில் சொல்ல முடியாது, பணத்துக்குச் சொல்லலாம்.

விடுவதென்று முடிவானால்

முதலில் விலகல் கடிதம் கொடுக்காதீர்கள். படிப்பை இடைநிறுத்தி வைக்கும் வசதி கல்லூரியில் இருக்கிறதா, எவ்வளவு காலத்துக்கு, திரும்பி வந்தால் எந்த வருடத்தில் சேர்ப்பார்கள் என்று எழுத்தில் கேளுங்கள். வாய்மொழி உறுதியை நம்பிப் போனவர்கள் அலுவலகத்தில் ஆள் மாறியதும் தவித்திருக்கிறார்கள். கல்விக்கடன், உதவித்தொகை, சேரும்போது கையெழுத்திட்ட ஒப்பந்தம் ஆகியவற்றில் நடுவில் விலகினால் என்ன நிபந்தனை என்று ஒவ்வொரு வரியாகப் படியுங்கள். அசல் சான்றிதழ்கள், முடித்த பாடங்களுக்கான மதிப்பெண் பட்டியல் இரண்டையும் வாங்கிக்கொள்ளுங்கள். உடலியங்கியல், உயிர்வேதியியல் போன்ற பாடங்களைச் சில படிப்புகளில் ஏற்றுக்கொண்டு விலக்குக் கொடுப்பார்கள். புதிய இடத்தில் சேர்க்கை உறுதியான பிறகு பழைய இடத்தில் கையெழுத்துப் போடுங்கள்.

அடுத்த நேர்காணலில் “ஏன் மருத்துவத்தை விட்டீர்கள்?” என்று நிச்சயம் கேட்பார்கள். அந்தப் பதிலை இப்போதே எழுதி வையுங்கள். மருத்துவத்தைத் திட்டியும் வேண்டாம், உங்களைத் திட்டியும் வேண்டாம். “வார்டில் நின்று பார்த்தேன். நோயாளியைவிட நோயின் கணக்கு என்னை இழுத்தது. அதனால் புள்ளியியலுக்கு வந்தேன்.” மூன்று வாக்கியம் போதும். அதற்கு மேல் அவர்கள் கேட்டால் சொல்லலாம்.